கைராசி ஊசி

“அந்த ஊசியில என்ன மருந்து சார் இருக்கு? இந்த அக்கா முன்னாடியே சொல்லுங்க.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே கம்பவுண்டர் அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார். லீவு கேள், சண்டை போட்டுச் சம்பள உயர்வுகூடக் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே.

பெரிய டாக்டர் கைராசிக்காரர். காது நாறும் நாயோ, தும்மும் பூனையோ, எது உள்ளே வந்தாலும் ஒரே ஊசிதான். காலையில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே மருந்துகளைக் கலப்பார். சிரிஞ்சுகளில் ஏற்றி, பெயர் ஒட்டாமல் ஃப்ரிட்ஜில் அடுக்குவார். நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடு என்று வருடக்கணக்கில் கால்நடை மருத்துவம் படித்துத் தொலைத்தவள் நான். நோயாளி வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே மருந்து தயாராகிவிடும் அதிசயத்தை இங்கேதான் கண்டேன்.

மேசையில் கிடந்த நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கிறது என்று அதை வளர்க்கும் தையல்கடை அக்கா வைத்த பெயர். அதன் பின்னங்காலில் கண்ணாடி கிழித்த புண். ஊசி போட்டால் ஆறுவதுபோல் இருக்கும். கொஞ்ச நாளில் முன்னைவிடப் பெரிதாக உடையும். இப்போது பாதம் முழுக்கச் சீழ்.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். “இன்னொரு ஊசி போடுவோம். கேக்கலேன்னா காலை எடுத்துடலாம்.”

பழைய சட்டையில் பொத்தானைப் பிய்ப்பது மாதிரிச் சொன்னார். அக்காவின் கை நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கியது. அப்போதுதான் நான் வாயைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“அது தொழில் ரகசியம்மா,” என்று சிரித்தார் டாக்டர். “உங்க வீட்டுல மொதல்ல படிச்சது நீதானே? புதுசா படிச்சவங்களுக்கு இப்படித்தான், கேள்வி கேட்டுட்டே இருக்கணும்.”

“ஆமா சார். எங்கப்பா மூட்டை தூக்குறவரு. அவருகிட்டகூட மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டுத்தான் முதுகுல ஏத்துவாங்க.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, அவரைப் போய்க் குடையுற? ஊசி போட்ட அன்னைக்கே எந்திரிச்சு ரெண்டு தட்டு சாப்பிடுதே!”

“ஸ்டீராய்டு சேர்த்திருந்தா சாப்பிடும்க்கா. வீக்கம் வத்தும், வலி அடங்கும். கிருமி மட்டும் உள்ள சௌக்கியமா குடும்பம் நடத்தும். சரி, ஊசியோட கொடுத்த மாத்திரையை முழுசா போட்டீங்களா?”

“போட்டேனே! வாலை ஆட்ட ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன். மிச்சத்தை வீணாக்குவானேன்னு, தும்மிட்டிருந்த பூனைக்குக் கொடுத்தேன்.”

“கேட்டுச்சா?”

“எங்க? என் மூஞ்சியிலேயே துப்பிடுச்சு. அப்புறம் தும்மல் தானா போயிடுச்சு.”

இந்த விவகாரம் முழுவதிலும் படித்த ஆள் மாதிரி நடந்துகொண்டது அந்தப் பூனை ஒன்றுதான்.

“அரைகுறையா மருந்து கொடுத்துக் கொடுத்து கிருமிங்களுக்கு அதைப் பழக்கிட்டோம்க்கா. புண்ணுக்குள்ளேருந்து சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பணும். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு சொல்லிடுவாங்க.”

“அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும்,” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் என்ன பண்றதாம்?”

“நல்லா கழுவிக் கட்டுப் போட்டு, வலிக்கு மருந்து கொடுப்போம் சார்.”

“புண்ணு கழுவுறதுக்கா என்னைத் தேடி வர்றாங்க?”

அதுவும் நியாயம்தான். கழுவுவதில் என்ன கைராசி தெரியப்போகிறது?

அக்கா என்னைப் பார்த்தார். “கால் தேறுமா?”

“தேறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சரியான மருந்து தெரிஞ்சா வாய்ப்பு இருக்கு. இன்னொரு தடவை கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போட்டா அதுவும் போயிடும்.”

அக்கா டாக்டரிடம் திரும்பினார். “சார், அதுல என்னதான் இருக்குன்னு சொல்லிடுங்களேன். இவ வாயை அடைச்ச மாதிரி இருக்கும்.”

“நம்பிக்கை இல்லேன்னா வேற இடம் பாருங்க.”

இதைக் கேட்டதும் எல்லாரும் பதறி மன்னிப்புக் கேட்பார்கள், அதுதான் வழக்கம். அக்கா அவருடைய கையிலிருந்த பெயர் ஒட்டாத சிரிஞ்சைப் பார்த்தார். பிறகு மேனேஜரின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்து, “நீ சீழை எடும்மா,” என்றார் என்னிடம்.

கையுறை மாட்டினேன். மேலே இருந்த அழுக்கைக் கழுவிவிட்டு, பஞ்சுக் குச்சியை ஆழமாக விட்டு எடுத்தேன். மேனேஜர் உறுமியது, கடிக்கவில்லை. கம்பவுண்டர் அண்ணன் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். காலைக் கழுவிக் கட்டுப் போட்டேன்.

“அந்தக் குச்சியைக் குப்பையில போட்டுட்டு அடுத்த கேஸைக் கூப்பிடு,” என்றார் டாக்டர். “இல்லேன்னா நாளையிலேருந்து வராதே. நல்லா யோசிச்சுக்கோ.”

யோசிக்க என்ன இருக்கிறது? குச்சியை லேபுக்கான குழாயில் போட்டு, மூடியை எப்போதோ திருகி முடித்திருந்தேன்.

“லேபுக்கு ரெண்டு தெரு நடக்கணும்க்கா. தூக்கிடுவீங்களா?”

“கழுதை மாதிரி வளர்த்து வெச்சிருக்கேன், தூக்காம?” என்று அக்கா மேனேஜரைத் தோளில் சாத்திக்கொண்டார்.

வெளியறையில் பூனைக் கூடையோடு காத்திருந்தவர் எழுந்தார். “டாக்டர், அடுத்தது நாங்களா?”

“தெரியலைங்க,” என்றேன். “நான் இங்க வேலை பாக்கல.”

படியிறங்கினேன்.