கடைசி வரிசை வழக்குகள்

மேல்வீட்டுக் குழாய் வெடித்துப் படுக்கையறைக் கூரை பெயர்ந்து விழுந்த மறுநாள், மாப்பிள்ளை தன் மனைவியோடு மாமியார் வீட்டில் வந்து இறங்கினான். வீட்டுச் சொந்தக்காரர் பழுது பார்த்து முடிக்கும்வரை ஜாகை அங்கேதான். மனைவிக்கு அது பிறந்த வீடு. வந்த சாயங்காலமே சோபாவில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். அவனுக்கோ எந்த நாற்காலியில் உட்காருவது என்பதே பிடிபடவில்லை.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடிகளை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவான். அத்தை, அதாவது அவன் மாமியார், ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். கடையும் மருத்துவமனையும் ஒரே சாலையில் இருந்ததால் இருவருக்கும் ஒரே பஸ். முதல் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே அத்தை சொன்னாள்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. பஸ்ல நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நீங்களும் காட்டிக்க வேணாம்."

"சரிங்க அத்தை."

ஏன் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. மாமா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் அத்தையின் பேச்சு, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "கதவைத் தாழ் போடுங்க" என்ற அளவோடு நின்றிருந்தது. அவள் முன்னால் போனாள். தெருமுனையில் ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டு அவன் பின்னால் போனான்.

பஸ் ஏற்கெனவே நிரம்பி வந்தது. நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். கடைசி வரிசையில் யாரோ கைப்பையை வைத்து ஓர் இடம் பிடித்திருந்தார்கள்.

"ஜட்ஜம்மா வந்தாச்சு, நகருங்கடி" என்று ஒரு குரல் கேட்டது.

அத்தை கையை வீசிக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நொடி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்க்கப் போனவன், ஒப்பந்தம் ஞாபகம் வந்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டான்.

போகப் போக விஷயம் புரிந்தது. தையல் கம்பெனியில் வேலை செய்யும் ஒருத்தி, பள்ளிக்கூட ஆயா, பேக்கரியில் கல்லாவில் உட்காரும் ஒரு சின்னப் பெண், இவர்கள்தான் அந்த வரிசை. தினமும் யாராவது ஒருத்தி தன் வீட்டு வழக்கைக் கொண்டுவருவாள். இரண்டு பக்க நியாயத்தையும் கேட்டு அத்தை தீர்ப்புச் சொல்வாள். தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

சில நாளில் அத்தையே ஒரு வழக்கோடு வந்தாள்.

"எங்க வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்காரு. ஈரத்துண்டைக் கொண்டுபோய் மெத்தை மேல போடுறாரு. ஃபிரிட்ஜைத் திறந்தா சினிமா பார்க்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருக்காரு. குளிரெல்லாம் போய் மோரே சூடாயிடும் போல இருக்கு."

வரிசை குலுங்கியது. மாப்பிள்ளைக்குக் காது சுட்டது. கடையில் அன்று ஒரு கண்ணாடியைத் தேவைக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினான். சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். சொன்னால் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை மூளும். அதில் அடிபடப்போவது தான்தான் என்று விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் நெரிசல் அவனைக் கடைசி வரிசைவரை தள்ளியிருந்தது. தையல்காரி அவன் சட்டைக் கையைத் தட்டினாள். "தம்பி, தினமும் நிக்கிறீங்க, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. ஈரத்துண்டை மெத்தையில போடுற மாப்பிள்ளையை என்ன செய்யலாம்?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அவர்கிட்ட யாராவது நேர்ல சொன்னாங்களா அக்கா? கொடி எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாம இருக்கலாம்" என்றான் அவன்.

"பாயிண்டுதான்" என்றாள் பள்ளிக்கூட ஆயா.

அன்று வீடு திரும்பியபோது குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது. அவன் துண்டை அதில் மாட்டினான்.

அதன்பின் அவனுக்கும் துணிச்சல் வந்தது. "அக்கா, எங்க வீட்லயும் ஒரு வழக்கு" என்று ஒருநாள் ஆரம்பித்தான். "மாமியார் வீட்ல இருக்கேன். நான் குளிச்சுக்கிட்டு இருக்கும்போதே அத்தை வெளியில இருந்து லைட்டை அணைச்சிடுறாங்க. சோப்பு எங்க, தலை எங்கன்னு தெரியாம நிக்கிறேன்."

பேக்கரிப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் ஜட்ஜம்மாவைப் பார்த்தார்கள். அத்தை நேராக உட்கார்ந்தாள்.

"உள்ள ஆள் இருக்கும்போது அணைக்கிறது தப்புதான். ஆனா உள்ள போனவரும் ஒரு சத்தம் குடுக்கணும். பூனை மாதிரி போனா யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து அவன் குளிக்கும்போது இருமினான். விளக்கு அணையவில்லை.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் மழை. மருத்துவமனை நிறுத்தம் வருவதற்குள் அத்தை எழுந்து கதவுப் பக்கம் நடந்தாள். குறுக்கே ஒரு சைக்கிள் வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஈரத் தரையில் கால் வழுக்கி அத்தை கையை ஊன்றி விழுந்தாள்.

"அத்தை!"

கத்தியது தான்தான் என்று அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அவளைத் தூக்கி உட்கார வைத்தான். இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. தையல்காரி இவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"அட, அந்தத் துண்டு மாப்பிள்ளை நீங்கதானா?"

அடுத்த நிறுத்தத்தில் அவன் அத்தையைத் தாங்கி இறக்கி, அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கூட்டிக்கொண்டு போனான். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க அப்படிக் கத்தியிருக்க வேணாம்."

"பயந்துட்டேன் அத்தை."

அத்தை வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அவர் போனப்புறம் வீட்ல எனக்குப் பேச்சே வரல. எதைப் பார்த்தாலும் அவர்கிட்டச் சொல்ற மாதிரியே இருக்கும். பஸ்ல அவரை யாருக்கும் தெரியாது, அதனால அங்க வந்துச்சு. நீங்க கூட வந்தா அங்கயும் நான் மாமியாரா உட்காரணுமேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"தண்ணி வேணுமா அத்தை?" என்று அவன் கேட்டான்.

"குடுங்க" என்றாள்.

கட்டுப் பிரிக்கும்வரை அத்தைக்கு விடுப்பு. மாப்பிள்ளை தனியாகப் போனான். முதல் நாள் கடைசி வரிசை பக்கமே போகாமல் முன்னாலேயே நின்றான். ஆயா எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள். ஜட்ஜம்மாவின் இடத்தில் உட்கார வைத்து, வலி எப்படி இருக்கிறது, யார் சமைக்கிறார்கள் என்று குடைந்தெடுத்தார்கள். வழக்கமும் நிற்கவில்லை. பேக்கரிப் பெண்ணுக்கு ஒரு சிக்கல்: கூடத் தங்கியிருக்கும் தோழி அவள் செருப்பையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறாள், கேட்டால் கோபித்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கதை சொல்லிப் பழக்கமில்லாதவன். நடுவில் தொடங்கி முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தான்.

"இருங்க, செருப்பு யாருது?" என்றாள் அத்தை.

மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவும் புருஷனும் எதிரெதிரே உட்கார்ந்து யாருடைய செருப்பைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் கரண்டியோடு வந்து நின்றாள். "அந்தத் தோழிக்கு அறிவு வேணாமா?" என்று இடையில் புகுந்தாள். அன்று சோறு அடிபிடித்தது.

கட்டுப் பிரித்து அத்தை வேலைக்குத் திரும்பிய அதே வாரம், வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்தார். கூரை தயார்.

"ஞாயித்துக்கிழமையே போயிடலாம்மா" என்றாள் மனைவி.

"பெயிண்ட் வாசனை போகட்டும், தலை வலிக்கும்" என்றாள் அத்தை. இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினார்கள். அத்தை வாசல்வரை வந்து, "பார்த்துப் போங்க" என்றாள்.

அவர்கள் வீட்டிலிருந்து கடைக்கு வேறு பஸ். சீக்கிரம் போய்விடும், உட்கார இடமும் கிடைக்கும். எல்லாரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள். வசதி என்று மனைவியிடம் சொன்னான். ஆனால் முதல் வாரம் முழுக்க அவனுக்கு அந்தப் பயணம் நீளமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியின் போன் அடித்தது. "ம்… சாப்பிட்டேன்மா… ம், நல்லா இருக்கோம்" என்றவள், சற்று நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்குறாங்க."

அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.

"மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல அத்தை, சொல்லுங்க."

"இன்னைக்கு ஆயா ஒரு கேஸ் கொண்டுவந்தா. எனக்கே குழப்பமா இருக்கு" என்று அத்தை தொடங்கினாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.