எட்டு மடங்கு போதும்

“இதை மாத்திக் குடுங்க” என்று பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள் அக்கா. வைத்த வேகத்தைப் பார்த்து, கேமரா கடைக்காரர் முதலில் மேசைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தடவிப் பார்த்தார்.

“நேத்துதானே வாங்கிட்டுப் போனீங்க? ஏதும் பழுதா?”

“பழுதெல்லாம் இல்ல. பெரிசா இருக்கு.”

“பெரிசா வேணும்னு நீங்கதான் கேட்டீங்க.”

“கேட்டேன். யாரு இல்லன்னா?”

நேற்றே அவர் படித்துப் படித்துச் சொன்னார். பறவை பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு எட்டு மடங்கு காட்டும் பைனாகுலர் போதும், கைக்கு அடக்கமாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும் என்றார். வீட்டிலிருந்து தம்பியும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தான். அக்கா என்றைக்கு யார் சொல்லைக் கேட்டிருக்கிறாள்? இருப்பதிலேயே பெரிய எண் எது என்று விசாரித்து, பன்னிரண்டு மடங்கு காட்டுவதைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் தையல்காரி. அளவுக்கு மேல் கொஞ்சம் துணி விட்டு வெட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தம்பி அதைக் கண்ணில் வைத்ததும் ஜன்னலுக்கு வெளியே இருந்த செல்போன் கோபுரம் கிடுகிடுவென்று ஆடியது. உண்மையில் ஆடியது அவன் கை. பன்னிரண்டு மடங்கு காட்டுகிற கருவி, பிடித்திருக்கிற கையின் நடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்காக்கிக் காட்டும் என்பது அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. “நல்லாத்தான்க்கா இருக்கு” என்று சொல்லி இறக்கி வைத்தவன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மனசு கேட்கவில்லை.

தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவன் கைபட்டுத்தான் ஓடியது என்றாலும், குடியிருந்தது என்னவோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இப்போது அவன் இருதயத்தால் அந்தப் படிகளில் நாலைக்கூட இறங்க முடியாது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நாள் கணக்குத்தான் என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவள் வெளியே வந்து, “மாத்திரையை ஒழுங்கா போட்டா போதுமாம்” என்றாள். “அப்போ சரி” என்றான் தம்பி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் பைனாகுலர் கேட்டான். “விலை கம்மியா ஒண்ணு பாருக்கா. முதல்ல கை பழகட்டும். பழகினப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்.”

அந்தப் ‘பழகினப்புறம்’ அக்காவின் காதை விட்டுப் போகவில்லை. அடுத்தது என்று ஒன்று கிடையாது என்று தெரிந்தவளுக்குச் சின்னதாக வாங்க எப்படி மனசு வரும்? வாங்குகிற ஒன்றாவது பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்ல முடியுமா?

“யாருக்குன்னு சொன்னீங்க?” என்றார் அவர்.

“தம்பிக்கு. இப்பத்தான் ஆரம்பிக்கறான்.”

“சின்னவங்களுக்குன்னா இதோ இருக்கு. கீழே போட்டாலும் உடையாது.”

“அம்பத்தெட்டு வயசு.”

அவர் அந்த மஞ்சள் நிறப் பொம்மை பைனாகுலரை எடுத்த சுருக்கில் உள்ளே வைத்துவிட்டு வேறு இரண்டை எடுத்தார். “ரெண்டும் எட்டு மடங்குதான். இதுல முன்கண்ணாடி பெரிசு, வெளிச்சம் நல்லா வரும், கனம் கொஞ்சம் கூட. இது சின்னது. பொழுது சாய்ஞ்சா சுமாராத்தான் தெரியும், ஆனா கையில இருக்கறதே தெரியாது. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.”

‘பெரிய கண்ணாடியையே குடுங்க’ என்று சொல்ல அக்காவின் வாய் திறந்துவிட்டது. அது பழகிய வாய். அவனுடைய பள்ளிக்கூடச் செருப்பிலிருந்து வீட்டுச் சுவரின் நிறம் வரைக்கும் அவள் எடுத்ததுதான். பார்த்த பெண்களையெல்லாம் வேண்டாம் என்றதுதான் அவன் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு. கணவரை இழந்த அக்காவுக்குத் துணையாக இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்து சேர்ந்தான். துணைக்கு வந்தவனுக்குச் சட்டை தைத்து, சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்லி, கடைசியில் அவள்தான் அவனுக்குத் துணையாக இருந்தாள்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

“டேய், ரெண்டு இருக்கு. எதுன்னு நீயே சொல்லு.”

“யாரு பேசறது?” என்றான் தம்பி.

“கொழுப்புதானே? சொல்லுடா.”

அவன் சிரித்தான். சிரிப்பு மூச்சில் முட்டி நின்று, மறுபடி குரல் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “வாசலுக்குப் போ. எதிர்ல ஏதாவது போர்டு இருக்கா?”

“பல் டாக்டர் போர்டு.”

“அதுல சின்ன எழுத்தாப் பாரு. நடுவுல மட்டும் பார்க்காத. ஓரத்துல இருக்கற எழுத்தும் கலங்காம இருக்கணும்.”

அவள் கண்ணில் வைத்தபோது இரண்டு வட்டங்கள்தான் தெரிந்தன. கடைக்காரர் வந்து, இரண்டு குழாய்களையும் மெல்ல உள்பக்கம் மடக்கி ஒரே வட்டமாக்கிக் கொடுத்தார். ‘ஞாயிறு விடுமுறை’ என்பது நெற்றிக்கு நேரே வந்து நின்றது. இரண்டாவதிலும் ஞாயிறு விடுமுறைதான்.

“ரெண்டும் ஒரே மாதிரிதான்டா இருக்கு.”

“அப்போ ஒவ்வொண்ணா கழுத்துல மாட்டிக்கிட்டு சும்மா நில்லு. எது கழுத்தை இழுக்கலையோ அது.”

போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, அக்கா கடை வாசலில் முதலில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றாள், பிறகு மற்றதை மாட்டிக்கொண்டு நின்றாள். எப்போதும் அளவெடுக்கிற இஞ்ச் டேப் தொங்குகிற கழுத்து அது. சின்னதை மாட்டியபோது டேப்பை விடக் கொஞ்சம்தான் கனம் என்று தோன்றியது. அதைச் சொன்னாள்.

“சின்னதே போதும்க்கா.”

“வெளிச்சம் கம்மியாம்டா.”

“நான் என்ன ஆந்தையா பார்க்கப் போறேன்?”

அவள் நாக்கு நுனியில் இன்னும் ரெண்டு காரணம் இருந்தது. விழுங்கிவிட்டு, “சரி” என்றாள்.

“மூக்குக்கண்ணாடி போடுவாரா?” என்று கடைக்காரர் கேட்டு, அவள் தலையாட்டியதும், கண் வைக்கிற இடத்தில் இருந்த ரப்பரை மடித்துவிட்டார். “இப்படி விட்டாத்தான் கண்ணாடியோட முழுசாத் தெரியும். கை நல்லாப் பழகட்டும். அப்புறம் இதைக் கொண்டாந்தீங்கன்னா கழிச்சுக்கிட்டு அடுத்த மாடல் பார்க்கலாம்.”

“பழகட்டும்” என்றாள் அக்கா. “அவனையே கூட்டிட்டு வரேன்.”

மாடி ஏறி வந்தபோது எதிர் வீட்டு நர்ஸ் கதவருகில் காத்திருந்தாள். விடுமுறை நாளில் தம்பிக்குக் காவலாக உட்கார்ந்தவள். உள்ளே கேட்காதபடி, “மூச்சு மாறியிருக்குக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன். அண்ணன் வேண்டவே வேணாம்ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள்.

“அவன் சொன்னா சரி” என்றாள் அக்கா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“அடுப்புல வச்சுட்டு வந்தேன். இறக்கி வச்சுட்டு உடனே வந்துடறேன்” என்று நர்ஸ் தன் வீட்டுக்குப் போனாள்.

ஜன்னல் வேண்டும் என்று தம்பியின் கட்டிலை நடு அறைக்கே கொண்டு வந்து போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கட்டில், நடுவில் தையல் மிஷின், அந்தக் கோடியில் சமையலறை வாசல். நான்கு தலையணைகளில் சாய்ந்திருந்தவன், அவள் உள்ளே வந்ததும் கையை நீட்டினான். முகம் வெளுத்து உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் பெட்டிமேல் இருந்தது.

செல்போன் கோபுரத்தின் உச்சியில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. அது பருந்து என்பது அக்காவின் கட்சி. வல்லூறு என்பது தம்பியின் கட்சி. லிஃப்ட் பழுது பார்க்க மொட்டை மாடி மோட்டார் அறைகளுக்கு ஏறிப் போகிறபோதெல்லாம் அவன் இந்த ஜாதியைத் தலைக்கு மேலே பார்த்திருக்கிறானாம். கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி ஒரு கறுப்புப் பட்டை இருந்தால் வல்லூறு. இங்கிருந்து வெறும் கண்ணுக்கு மீசையும் தெரியாது, மூக்கும் தெரியாது. அதனால் சண்டை தீராமலே இருந்தது.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். தம்பி கோபுரத்தைப் பார்த்தான். நடுச்சக்கரத்தை விரலால் உருட்டி உருட்டி நிறுத்தினான்.

“என்னடா தெரியுது?”

“மேலேருந்து ரெண்டாவது தட்டுல ஒரு போல்ட்டைக் காணோம்.”

“பறவையைப் பாருடான்னா போல்ட்டைப் பார்க்கறான்.”

“வந்தாத்தானே பார்க்கறதுக்கு.”

அது வந்தது. கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி உச்சிக் கம்பியில் இறங்கிச் சிறகை மடக்கியது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள அவனிடம் அதிகம் மூச்சு இல்லை.

“மீசை இருக்கா?” என்றாள்.

“இருக்கு. நல்லா அப்பின மாதிரி இருக்கு.” கருவியை இறக்காமலே சொன்னான். “நீ வேணும்னா பார்த்துக்கோ.”

“வேணாம். வல்லூறுதான்.”

அவன் கருவியை இறக்கி அவளைப் பார்த்தான். இத்தனை சுலபமாக அவள் தோற்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, பைனாகுலரை மறுபடி தூக்கி அவள் முகத்துக்கு நேரே திருப்பினான். சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டினான்.

“நீ தெரியவே மாட்டேங்கற.”

“கிட்டத்துலதானேடா இருக்கேன்.”

“அதான். இவ்ளோ கிட்ட இருந்தா இதுல தெரியாது. கொஞ்சம் தள்ளிப் போ.”

“கையை விட்டா ஆடுமேடா.”

“தலகாணி இருக்கு. நீ போ.”

அவள் அவன் முழங்கைகளைத் தலையணைமேல் ஊன்றி வைத்துவிட்டு எழுந்தாள். மிஷின் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

“இன்னும் கலங்கலாத்தான் இருக்கு.”

மிஷினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

“இன்னும் கொஞ்சம்.”

அவள் அவனைப் பார்த்தபடியே பின்னால் நடந்து நடந்து, சமையலறை நிலையில் முதுகு இடித்தபோது நின்றாள்.

“அங்கேயே நில்லு” என்றான் தம்பி. “இப்பத்தான் தெரியற.”

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புகைப்படத்துக்கு நிற்பவள் மாதிரி இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டாள்.

“கன்னத்துல சாக்பீஸ் அப்பியிருக்கு.”

காலையில் துணியில் கோடு போட்ட சாக்பீஸ். அதோடு கடைக்குப் போய் வந்திருக்கிறாள். துடைக்கக் கையைத் தூக்கினாள்.

“துடைக்காத. ஆடாம இரு.”

இருந்தாள். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்து, முடியாமல் விட்டார்கள்.

“எப்படிடா இருக்கேன்?”

“அம்மா மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்க இல்ல?”

“ஆமா.”

“அம்மா மாதிரி இல்ல. நீ வேற மாதிரி இருக்கக்கா.”

“வேற மாதிரின்னா?”

“இரு” என்றான் தம்பி. “பார்க்கறேன்.”

அவன் நிதானமாகப் பார்த்தான். எந்த லிஃப்டையும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவன். பார்த்து முடித்தபின் சொல்லட்டும் என்று அக்கா காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பைனாகுலர் மெல்ல இறங்கி மார்பில் உட்கார்ந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் அதன்மேலேயே இருந்தன. முகம் அவள் பக்கமே திரும்பியிருந்தது. கை அசந்துபோயிருக்கும், ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி தூக்குவான் என்று அவள் நின்றாள்.

நர்ஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். “ஏன்க்கா அங்க நிக்கறீங்க?”

“என்னைப் பார்த்துட்டிருக்கான்” என்றாள் அக்கா.

நர்ஸ் கட்டிலைப் பார்த்தாள். வேகமாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு கழுத்தில் விரல் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் ஆஸ்பத்திரி நர்ஸின் முகமாக இல்லை.

“அக்கா” என்றாள். “கிட்ட வாங்கக்கா.”

“கிட்ட வந்தா அவனுக்குத் தெரியாது” என்றாள் அக்கா.

அக்கா சமையலறை நிலையில் முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, சாக்பீஸ் அப்பிய கன்னத்தோடு முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றாள்.