ஆற்றங்கரை அம்மனின் இடது காது

சேரன்மகாதேவி ஆற்றங்கரை அம்மனுக்கு 1906 தை மாதம் முதல் 1915 ஐப்பசி வரை காலை வேளைகளில் முகம் கிடையாது. சிலை செய்த பாபநாசம் என்ற ஆசாரி கல் எடுக்கப் போன அன்று கால்மாட்டில் மட்டும் தட்டிப் பார்த்தார். மணிபோலக் கணீரென்றது. தலைமாட்டை உடைமுள் மூடிக் கிடந்ததாலும் பசி நேரம் என்பதாலும் அங்கே தட்டவில்லை. வண்டியிலிருந்து இறக்கியதும் அவர் மனைவி உலகம்மாள் தலைமாட்டில் தட்டினாள். அவளும் கல்லாசாரி வீட்டுப் பெண்தான். சுடாத செங்கல்லைத் தட்டியதுபோல இருந்தது. "இந்தப் பக்கம் இளங்கல்லுங்க. இன்னும் வளருது" என்றாள். ஆசாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு மறுநாள் காலை பூசாரி கதவைத் திறந்தால் கழுத்துக்கு மேலே வெறும் கல். ஒரே இரவில் விரற்கடை அளவு வளர்ந்து கண், மூக்கு, சிரிப்பு எல்லாவற்றையும் மூடியிருந்தது. தர்மகர்த்தா வேறு ஆசாரியைக் கூட்டிவரக் கிளம்பினார். பாபநாசம் வழியை மறித்தார்.

"ராத்திரி அது வளந்தா பகல்ல நான் செதுக்குதேன். என் கை செஞ்ச தப்ப என் கைதான் திருத்தணும். நீங்க எதுக்கு அண்ணாச்சி வேற ஆளத் தேடுதிய?"

அப்படியே நடந்தது. காலைப் பூசையை நிறுத்தினார்கள். ஊர் உளிச் சத்தத்தில் எழுந்து வயலுக்குப் போனது. மற்ற சிற்பிகள் ஒரு சிலைக்கு ஒருமுறை கண் திறப்பார்கள். பாபநாசம் அதே சிலைக்குத் தினமும் பொழுதுசாயக் கண் திறந்தார். அலுத்து உட்காரும்போதெல்லாம் உலகம்மாள் விடமாட்டாள். "கல்லு என்னைக்கு முத்தும்னு யாருக்குத் தெரியும்? முத்துன அன்னைக்கு என்ன மொகமோ, அதான் காலத்துக்கும். அசந்துராதீங்க." மகள் கல்யாணத்தன்று தாலி ஏறியதும் எழுந்து வந்து செதுக்கினார். ஆற்றில் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று செதுக்கினார்.

1915 ஐப்பசியில் ஆசாரிக்குக் காய்ச்சல் கண்டது. அன்றும் வந்தார். வலது காதை முடித்தபோதே பொழுது சாய்ந்துவிட்டதால், இடது காதை விட்டுக் கண்ணைத் திறந்தார்; திறந்ததும் உளி விழுந்தது. உலகம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்தாள். "காதுதான. நாளைக்குப் பாத்துக்கிடலாம், வாங்க" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை அம்மன் விழித்திருந்தாள். கல் முற்றிவிட்டது. இடது காது இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று கிடந்தது. ஆசாரி உளியை எடுத்தார், அந்தக் கண்களைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். திறந்த கண்ணுக்கு முன்னால் உளி வைக்கக் கூடாது. இத்தனை நாளும் கல்லே கண்ணை மூடிக்கொடுத்ததால்தான் வேலை நடந்தது. உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாத. ரெண்டு காதும் இருந்தா ஊர்ப் பேச்சு பூராவும் கேக்கணுமே. ஒண்ணு போதும் அவளுக்கு" என்றார் ஆசாரி.

ஊர் பழகிக்கொண்டது. ஒற்றைத் தோடு செய்து போட்டார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் வலப்பக்கமாக நின்று பேசினார்கள். உலகம்மாள் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் இடப்பக்கம் போய், மொழுக்கைக் கல்லில் வாயை வைத்து, "கேக்குதா தாயி?" என்று கேட்டுவிட்டு வருவாள். மழைக்கும் நிற்கவில்லை, கேலிக்கும் நிற்கவில்லை.

1919 தை முதல் செவ்வாயன்று அந்த இடத்தில் காது இருந்தது. பாபநாசம் விரலால் தடவிப் பார்த்தார். உளி பட்ட தடம் எங்கும் இல்லை. தர்மகர்த்தா யாரையும் ஒன்றும் கேட்காமல் இரண்டாவது தோட்டுக்குத் தட்டானிடம் சொல்லியனுப்பினார்.