தண்ணீர் ஊற்றி அனுப்பிய புத்தகங்கள்

நெஸீஹா எழுதிய முதல் புத்தகம் கடைக்கு வந்த வாரத்தில், அதில் வரும் நொண்டி வாத்து இஸ்தான்புல் பேருந்திலிருந்து கருங்கடல் கரை ஊரான சினோப்பில் இறங்கி நேராக அவர் வீட்டுக்கு நடந்து வந்தது. கண்டக்டர் பின்னாலேயே வந்து அரை டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார். ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை, தப்பு நெஸீஹா மேல்தான் என்றார்கள். வெளியூர் போகிறவர் பின்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தண்ணீரைப் போலத் தடங்கலில்லாமல் போய்த் திரும்பட்டும் என்று. அதை மனிதர்களோடு நிறுத்தாமல், பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதியை ஏற்றிக்கொண்டு போகும் பேருந்துக்குப் பின்னாலும் ஊற்றினால், வாத்து திரும்பி வராமல் என்ன செய்யும்?

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் தம்பி நெவ்ஸாத் ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில் ஊர் முழுக்கக் குழாய் வறண்டு கிடந்தது. நெஸீஹா வெறும் செம்போடு வாசலில் நின்றார். "விடுக்கா, வந்தப்புறம் ரெண்டு செம்பா ஊத்திக்க," என்று சிரித்துவிட்டுப் போனவன்தான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அன்றிலிருந்து தபால்காரர், பால்காரர், வாடகைக்கு இருந்து காலி செய்தவர்கள் என்று யார் படியிறங்கினாலும் நெஸீஹா தண்ணீர் ஊற்றினார். வீட்டின் வெறுமை தாங்காமல்தான் கதை எழுதவே உட்கார்ந்தார்.

வாத்துக்குப் பிறகு அடுத்த புத்தகத்திலிருந்து கண்ணாடி போட்ட கரடி வந்தது, விறகுக் கொட்டகையில் தங்கி சீமைமாதுளை ஜாமைக் காலி செய்தது. அழகான காலம் அது. மாலையில் தேநீர் வேளைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த முற்றத்தில்தான் கிடப்பார்கள். பக்கத்து வீட்டு ஃபெர்தானே, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் பல வருஷம் தையல் ஆலையில் உழைத்துத் திரும்பியவள், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சீண்டுவாள்.

"கரடிய எழுதுன கையால ஒரு மாப்பிள்ளைய எழுதிக்கக் கூடாதாக்கா?"

"குழந்தைங்க புத்தகத்துல மாப்பிள்ளைக்கு என்னடி வேலை?"

"சரி, அவன் வேணாம். உன் தம்பிய எழுதேன்."

நெஸீஹா யாருக்கும் சொல்லாமல் அதைப் பல தடவை முயன்று பார்த்திருந்தார். மீசையும் தகரப் பெட்டியுமாகப் போன இருபத்துநாலு வயசுக்காரனை எழுத அவருக்குக் கை வரவில்லை. எழுதிய மீசைக்காரன் இரண்டாம் பக்கத்திலேயே சின்னப் பையன் போல மரமேறிக் காய் திருடினான். அவருக்குக் குழந்தைகளை மட்டும்தான் எழுதத் தெரியும். ஒன்பது வயசு நெவ்ஸாத்தை எழுதினால் ஒன்பது வயசுதான் திரும்பி வரும். அவன் வந்துவிட்டால், பெரியவனாக ஜெர்மனியில் எங்கோ இருக்கிறவன் இனி வரவே மாட்டான். இந்தப் பயத்திலேயே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தலை முழுக்க நரைத்த பிறகு, வந்தது வரட்டும் என்று அந்த ஒன்பது வயசுப் பையனையே எழுதி முடித்தார். பேருந்து நிலையத்தில் இரண்டு வாளி ஊற்றினார். டிரைவர் செருப்பு நனைந்து திட்டினான்.

சீமைமாதுளை பழுக்கும் பருவத்தில் அவன் வந்தான். முன்பல் இரண்டு இல்லை, முழங்காலில் பழைய சிராய்ப்பு.

"அக்கா, நீ ஏன் இப்படிக் கிழவியாயிட்ட?"

"நீ லேட்டா வந்தா நான் என்னடா பண்றது," என்றார் நெஸீஹா. ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டார்.

பள்ளித் தலைமையாசிரியர் பிறப்புச் சான்றிதழில் பிறந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு என்றிருந்ததைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "கொஞ்சம் தாமதமா சேர்க்கிறீங்க," என்று மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் நெஸீஹாவின் நெஞ்சில் அந்த உறுத்தல் போகவில்லை. இவன் தன் தம்பியா, தன் எழுத்தா? இவன் இங்கே ரொட்டி தின்னும்போது, ஜெர்மனிக்குப் போன அந்த மீசைக்காரன் எங்கேயாவது தனியாக உட்கார்ந்திருக்கிறானா?

ஒரு ஞாயிறு மதியம் சோபாவில் தூங்கியவன் புரியாத பாஷையில் முணுமுணுத்தான். புத்தகத்தில் அவர் எழுதாத வார்த்தைகள். நெஸீஹா மதிலோரம் ஓடி ஃபெர்தானேயைக் கூட்டி வந்தார். அவள் குனிந்து காது கொடுத்தாள்.

"ஜெர்மன்தான்க்கா."

"என்னடி சொல்றான்?"

"ஷிப்டு முடிஞ்சிருச்சாம். வீட்டுக்குப் போறேன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருக்கான்."

நெஸீஹா போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டு, காலடியில் படுத்திருந்த வாத்தை நகரச் சொன்னார்.