ரொட்டிப் பெட்டியில் ஒரு காகிதம்

ஆர்லிஸ் ரிண்டால் என்பது அவள் பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கோரத்தில் உள்ள பெல்வின் என்னும் சிற்றூரில், பள்ளிச் சமையற்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்பவள். பண்ணை மாடுகளை விற்ற நாள் முதல் காப்பியில் பால் ஊற்றுவதை விட்டவள். வண்டி ஓட்டுகையில் எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலிருந்து இரண்டு விரல்களை உயர்த்துவாள். அவ்வூரில் வணக்கம் என்பது அவ்வளவுதான். எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் அவள் கண் முதலில் எண்ணைத்தான் தேடும். முந்நூறு பிள்ளைகளுக்கு எத்தனை ராத்தல் உருளைக்கிழங்கு, எத்தனை தட்டு ரொட்டி என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. எழுத்துகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்பாள். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை.

அவளுக்கும் அவள் கணவர் வெர்லினுக்கும் சனிக்கிழமைக் காலை வழக்கம் ஒன்று இருந்தது. வாரம் முழுதும் வந்த தபால் உறைகள் சமையலறை மேடைமேல் ஒரு தகர ரொட்டிப் பெட்டியில் கிடக்கும். அதில் ரொட்டி வைப்பதை விட்டு நெடுநாள் ஆயிற்று. ஆர்லிஸ் உறையைக் கிழித்து எண்ணை வாசிப்பாள். வெர்லின் காசோலை எழுதுவார். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது அவருக்கு ஒருநாளும் நினைவிருந்ததில்லை. ஆகவே வாசிக்கும் வேலை அவளுடையதாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் அவர் இறந்த பின் அவள் அந்தப் பெட்டிக்குள் கையை விடவே இல்லை. புதிதாக வரும் உறைகளை, மூடியைச் சற்றே தூக்கி உள்ளே தள்ளிவிடுவாள்.

எல்லாம் அவர் இறப்பதற்கு முன், மார்ச் மாதத்தில்தான் தொடங்கியது. தாம் ஓட்டிவந்த பால் லாரியிலிருந்து இறங்கும்போது வெர்லின் தலைசுற்றி விழுந்தார். உடன் வேலை செய்தவர்கள் ஆம்புலன்ஸை அழைத்தார்கள். பெல்வின் மருத்துவமனையை மூடி மூன்றாண்டு ஆகியிருந்தது. நாற்பது மைல் தொலைவில் உள்ள நகரத்துக்கே கொண்டுபோனார்கள். மறுநாள் நடந்தே வீட்டுக்குள் வந்தார். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஆம்புலன்ஸ் பெயர் போட்ட காகிதம் ஒன்று வந்தது.

“எவ்வளவு போட்டிருக்கான்?”

“மூவாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு டாலர்.”

“ஏத்தி இறக்கினதுக்கா? அந்த வண்டியவே எனக்கு வித்துட்டானா?”

“இந்தக் காசுக்கு உன்னைப் புதைக்கிறதே மலிவு, வெர்ன்.”

“அப்ப அடுத்த தடவை நேரா புதைச்சிடு. நடுவுல அந்தச் சனியனைக் கூப்பிடாத.”

இருவரும் மேசையில் காப்பி சிந்தும்வரை சிரித்தார்கள். பிறகு வெர்லின், “அதை அடியில போடு. புல்லு அறுத்து முடியட்டும், பாப்போம்” என்றார். அவள் அடியில் போட்டாள். அதே பெயரோடு பின்னும் மூன்று உறைகள் வந்தன. அவற்றைக் கிழிக்காமலே அடியில் செருகினாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய உணவுக்குச் சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தவர் கதிரைத் தட்டில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். ஆர்லிஸ் தொலைபேசியை எடுத்தாள்.

“அதை வையி. நீயே ஓட்டு.”

அவள் வைத்துவிட்டாள். அவர் சொன்னதற்காக மட்டும் அன்று. அந்த மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அவள் நாக்கின்மேலும் இருந்தது.

ஊரின் தீயணைப்பு நிலையத்தைத் தாண்டித்தான் நெடுஞ்சாலைக்குப் போகவேண்டும். நிலையத்தின் கதவு திறந்திருந்தது. ஊருக்காகத் தொண்டு வேலையாக ஆம்புலன்ஸ் ஓட்டும் தீவனக்கடை லாயிடும் இன்னும் இருவரும் வாசலில் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். லாயிட் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே கையை உயர்த்தினார். ஆர்லிஸ் வழக்கம்போல இரண்டு விரல்களை உயர்த்திவிட்டுப் போனாள்.

அதற்கப்பால் அரை மைலில் இரயில் கடவு. தடுப்புக்கட்டை இறங்கியது. மணல் ஏற்றிய சரக்கு இரயில் வந்தது. பெட்டிகளை எண்ணுவது வெர்லினுக்குச் சிறுவயது முதல் பழக்கம். அன்றும் எண்ணினார், மெல்லிய குரலில். “அறுபது. அறுபத்தொண்ணு. அறுபத்திரண்டு.” பிறகு நிறுத்திவிட்டார்.

“என்ன, விட்டுட்டியா?” என்று தடுப்புக்கட்டையைப் பார்த்தபடியே கேட்டாள் ஆர்லிஸ். கடைசிப் பெட்டி போன பின்தான் திரும்பிப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழறையில் உணவு பரிமாறப்பட்டபோது, ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று சமையற்கூடத் தோழி மேவிஸ் கேட்டாள். “முதல் பில்லைப் பாத்துப் பயந்துட்டான்” என்றாள் ஆர்லிஸ். யார் படித்துச் சொன்னது என்பதையும், புதைப்பதே மலிவு என்று தான் சொன்னதையும் அவள் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

அந்த ஒரு வாக்கியம் மேவிஸிடமிருந்து ஊருக்குப் போயிற்று; ஊரிலிருந்து டெனிஸ் ஸீலரிடம் போயிற்று. டெனிஸ் முன்பு மாவட்டச் செய்தித்தாளில் எழுதியவர். அது நின்றுபோன பிறகு, ஆளுநர் பதவிக்குப் போட்டியிடும் ரெனே காஸ்மன் அம்மையாருக்காக இந்தப் பக்கத்தில் தேர்தல் வேலை பார்த்துவந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் வேறு பேச்சே இல்லை. மருந்து விலை, மூடிய மருத்துவமனைகள், காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றையே இரு தரப்பும் பேசின. பழியை மட்டும் ஒருவர்மேல் ஒருவர் போட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் வெர்லின் தேர்தல் விளம்பரமாகத் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார். கையில் பெரிய மீனோடு, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிச் சிரித்தபடி. கீழே எழுத்து: ‘ஒரு பில் ஒரு மனிதரைக் கொன்றது.’

ஊரே கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குப் போனால் முன்பின் தெரியாதவர்களும் வந்து ஆர்லிஸின் கையைத் தொட்டார்கள். ஒருவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்பதாகச் சொன்னார். ஒருத்தி மார்பில் உள்ள கட்டியைத் தேர்தல் முடிந்த பிறகு காட்டலாம் என்றிருப்பதாகச் சொன்னாள். தேர்தலுக்கும் கட்டிக்கும் என்ன தொடர்பு என்று ஆர்லிஸ் கேட்கவில்லை. காத்திருப்பதற்கு ஏதேனும் ஒரு தேதி வேண்டும் போலும்.

அக்டோபர் மாதத்து மூன்றாம் புதன்கிழமை, பள்ளி விட்ட பிறகு, டெனிஸ் அவள் வீட்டுக்கு வந்தார். மேவிஸும் ஒரு தட்டுப் பூசணிக் கேக்கோடு வந்திருந்தாள்.

“வாங்க டெனிஸ், கேக் இருக்குன்னு மோப்பம் பிடிச்சீங்களா?” என்றாள் மேவிஸ்.

“ஓட்டுக் கேக்கிற தொழில்ல கேக் ஒண்ணுதான் நிச்சயம்” என்று சொல்லி உட்கார்ந்த டெனிஸ், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். “ஆர்லிஸ், ஒரு சின்னச் சங்கடம். எதிர்க்கட்சிக்காரன் காலைல ரேடியோல பேசினான். ‘அப்படி ஒரு பில்லே கிடையாது, இருந்தாக் காட்டட்டும்’கிறான்.”

“செத்தவன் பேரைச் சொல்லியா பேசினான்?” என்று மேவிஸ் கத்தியை ஓங்கினாள். கேக் வெட்டும் கத்திதான்.

“பேரைச் சொல்லலை. ‘அந்தப் பால் லாரிக்காரர்’னான். நாளைக்குப் பள்ளிக்கூட ஹால்ல ரெனே அம்மா பேசறாங்க. டிவிக்காரங்க வராங்க. நீங்க மேடையில நின்னு அந்தப் பில்லைத் தூக்கிக் காட்டினாப் போதும். பேசக்கூட வேண்டாம். நாங்க முன்னாடியே உங்ககிட்ட கேட்டு வாங்கிப் பாத்திருக்கணும். எங்க தப்புதான்.”

ஆர்லிஸ் எழுந்தாள். ரொட்டிப் பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். மேலே அனுதாப அட்டைகள். கையை அடிவரை விட்டு அந்தக் காகிதத்தை எடுத்தாள். அதில் காப்பிக் கறை இருந்தது. அவர்கள் சிரித்துச் சிந்திய காப்பி அது.

டெனிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். செய்தித்தாளில் பிழையும் பார்த்தவர். மேலிருந்து கீழே படிப்பவர். படித்தவர் மறுபடியும் முதல் வரிக்கே போனார்.

“என்னய்யா? எண்ணு தெரியலையா?” என்றாள் மேவிஸ்.

“எண்ணு தெரியுது.” அவர் காகிதத்தை ஆர்லிஸ் பக்கம் திருப்பி, முதல் வரியின் கீழ் விரலை வைத்தார். தடித்த எழுத்தில் இருந்தது: இது பில் அன்று.

ஆர்லிஸ் அந்த வரியை முதன்முறையாகப் படித்தாள். காகிதத்தை அனுப்பியது காப்பீட்டு நிறுவனம்; அந்த வரியின் கீழே கட்டங்களில் கணக்கு விளக்கம். ஆம்புலன்ஸுக்காகக் கேட்ட தொகை மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பள்ளி வேலையால் அவளுக்குக் கிடைத்த காப்பீடு கொடுப்பது இவ்வளவு, தள்ளுபடி இவ்வளவு. எல்லாவற்றுக்கும் கீழே, மூலையில், சிறிய எழுத்தில்: நீங்கள் செலுத்த வேண்டியிருக்கக்கூடியது, நூற்றைம்பது டாலர்.

மேவிஸ் பெட்டியின் அடியிலிருந்து மூன்று உறைகளையும் எடுத்துக் கிழித்தாள். முதலாவதுதான் உண்மையான பில். நூற்றைம்பது டாலர். மற்ற இரண்டும் நினைவூட்டல்கள். மாதத் தவணையாகவும் கட்டலாம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

வெர்லின் புகைப்படத்தில் அந்த மீனோடு நின்றாரே, அதைப் பிடித்த தூண்டிலின் விலையே நூற்று எண்பது டாலர்.

“நாசமாப் போச்சு” என்றாள் மேவிஸ் மெதுவாக. பிறகு குரல் உயர்ந்தது. “இப்படி எழுதினா எந்த மனுஷிக்குடி புரியும்? எங்க வீட்டுல ஒரு செருப்புப் பெட்டி நிறைய இந்த எழவுதான் கிடக்கு. நான் ஒண்ணைக்கூட முழுசாப் படிச்சதில்ல. உன் தப்பு என்ன இருக்கு இதுல?”

டெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆர்லிஸ், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கேமரா ஹாலுக்குக் கடைசியில நிக்கும். அந்த மேல் வரி யாருக்கும் தெரியாது. எண்ணை மட்டும் நாங்க பெரிசு பண்ணிப் போட்டுக்கலாம். மூவாயிரத்து நானூத்திப் பன்னிரண்டுன்னு அதுல அச்சடிச்சிருக்கா இல்லையா? அவரு அதைப் பாத்துப் பயந்தாரா இல்லையா? ரெண்டும் நெஜம்தானே?”

“அவன் பாக்கலை.”

“என்ன?”

“கண்ணாடி எங்கன்னு தெரியல அவனுக்கு. நான்தான் படிச்சுச் சொன்னேன். எண்ணை மட்டும். அதோட ஒரு கேலியும் பண்ணினேன்.” அந்தக் கேலி என்னவென்பதை அவள் அவர்களிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் மேசையில் சிந்தியிருந்த கேக் துணுக்குகளை ஒரு விரலால் ஓரிடத்தில் கூட்டினாள்.

மேவிஸ் கேக் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“தீயணைப்பு நிலையத்துக் கதவு திறந்திருந்துச்சு” என்றாள் ஆர்லிஸ். “லாயிட் கையைத் தூக்கினான். நானும் ரெண்டு விரலைத் தூக்கினேன். நின்னிருந்தா நாலு அடி தூரம். ஆக்சிஜன், மின்சார அதிர்ச்சி குடுக்கிற பெட்டி, எல்லாம் அங்கதான் இருந்துச்சு. ரெண்டு விரலைத் தூக்கிட்டுப் போயிட்டேன். லாயிட் என்னைப் பாக்கறப்பல்லாம் அழுவறான், டெனிஸ். தான் கவனிக்காம விட்டுட்டோம்னு நெனைக்கிறான்.”

வெளியே பள்ளிப் பேருந்து ஒன்று திரும்பிப் போயிற்று. டெனிஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “எங்கம்மாவுக்கும் இது மாதிரி ஒரு காகிதம் வந்துச்சு. அவங்க அதைப் பாத்து பீரோவை வித்துட்டாங்க. அப்புறம்தான் அது பில்லே இல்லன்னு தெரிஞ்சுது. அப்ப நான் பேப்பர்ல வேல பாத்தேன். வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வரி எழுதல” என்றார். பின்பு, “பேசாம உடம்பு சரியில்லைன்னு வீட்டுல இருந்துடுங்க. நான் சமாளிச்சுக்கிறேன். இன்னும் மூணு வாரத்துல எல்லாம் முடிஞ்சிடும். உங்களை ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க” என்றார்.

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பது ஆர்லிஸுக்குத் தெரிந்தது. ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. மீனைப் பிடித்துச் சிரிக்கும் வெர்லினைப் பில் கொன்றதாகவே இந்த மாநிலம் நினைத்துக்கொள்ளும், பிறகு மறந்துவிடும். மாத்திரையைப் பாதியாக உடைப்பவரும், கட்டிக்குத் தேதி குறித்தவளும் நாளை அந்த மண்டபத்தில் வந்து உட்காருவார்கள். அவர்கள் வீடுகளிலும் பெட்டிகள் இருக்கும். சில பெட்டிகளில் உண்மையான பில்லும் இருக்கக்கூடும். எது எது என்று யார் அவர்களுக்குப் படித்துச் சொல்லியிருப்பார்கள்?

அவள் அந்தக் காகிதத்தைக் கையால் நீவி, மடிப்புகளை நேராக்கினாள். காப்பிக் கறை மட்டும் போகவில்லை.

“நாளைக்கு வரேன்” என்றாள். “இதை மேல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கப்போறேன். வீட்டுல யாரு படிச்சாங்க, எப்படிப் படிச்சாங்கன்னும் சொல்வேன்.”

“ஆர்லிஸ், அப்படின்னா அவங்க உங்களை மேடையில ஏத்த மாட்டாங்க.”

“பரவாயில்லை டெனிஸ். உக்காந்த இடத்துலேருந்தே படிக்கிறேன்.”