கையுறை கட்டியவனுக்குத் தண்ணீர்

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா சண்டைக்குப் போனவர்கள் ஆளுக்கொரு பதக்கத்தோடு திரும்பினார்கள். நான் திரும்பியது ஒரு ஜோடிக் கையுறையோடு. ஆனாலும் கடமலைக்குண்டில் அந்தப் பதக்கக்காரர்களைவிட இந்த முத்துவீரனுக்குத்தான் பேர் அதிகம். சும்மா சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சோள அறுப்பு முடிந்தால் மேலத்தெரு நல்லகண்ணு அண்ணனின் களம் காலியாகத்தான் கிடக்கும். அங்கேதான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தேன். சந்தைக்கு வரும் கம்பத்துத் தோல் வியாபாரி ஷரீப் பஞ்சடைத்து இன்னொரு ஜோடி தைத்துத் தந்து, தானும் பழக வந்துவிட்டான். மேலத்தெருவோ கீழத்தெருவோ, வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். வாங்கிய அடிக்குக் கோபப்படாதவன்தான் திருப்பி அடிக்கலாம் என்பது என் முதல் பாடம். அடுத்தது, கையுறை கட்டியவன் கைக்குழந்தை. மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. அதனால் வெளியே நிற்பவர்கள் முறை வைத்து அவனுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆள் பார்த்து முறையை மாற்றமாட்டேன்.

வினை அதில்தான் வந்தது. ஒருநாள் முறை கீழத்தெரு அம்மாவாசிக்கு. அவன் ஊற்றிய தண்ணீரை அண்ணனின் மகன் வைகுண்டராஜ் மடக்மடக்கென்று குடித்துவிட்டான். ஊருக்குள் வேறு பேச்சே இல்லை. எனக்கும் வீம்புதான், மறுநாளும் அம்மாவாசி கையிலேயே சொம்பைக் கொடுத்தேன். அண்ணன் வந்து நின்றார்.

"இனிமே அவன் சொம்பத் தொடக்கூடாது. இல்லேன்னா எல்லாரும் களத்த விட்டுக் கெளம்புங்க."

களம் போனால் எல்லாம் போயிற்று. எல்லாத் தெருவும் சேர்ந்து நிற்க இந்த ஊரில் வேறு எவன் இடம் தருவான்? அம்மாவாசி சொம்பை வைத்துவிட்டு ஒதுங்கினான். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. எடுடா அதை என்று அவனை அதட்டிவிட்டு அண்ணனிடம் திரும்பினேன்.

"களமும் உங்களது, பேச்சும் உங்களது. ஒரு சுத்து கையுறை கட்டி நின்னு பாருங்கண்ணே. அப்பறமும் இதையே சொன்னீகன்னா போயிர்றோம். பயமா இருந்தா வேணாம்."

பயம் என்ற சொல்லை அவரிடம் யாரும் சொன்னதில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கையை நீட்டினார். நானே கட்டினேன். எதிரே ஷரீப்பை நிறுத்தினேன்.

மனுசன் லேசுப்பட்டவரில்லை. முதல் குத்திலேயே ஷரீப் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் எழுந்தவன் பிடி கொடுக்காமல் விலகி விலகிப் போனான். அண்ணன் பங்குனி வெயிலில் காற்றைக் குத்திக் குத்தியே களைத்தார். சுற்று முடிந்ததும் தண்ணீரைத் தேடினார்.

சொம்பைத் தானே தூக்கப் பார்த்தார். அது கையுறைகளுக்கு நடுவே வழுக்கி உருண்டது. மகனைப் பார்த்தார். வைகுண்டராஜ் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அம்மாவாசி பானையிலிருந்து மறுபடி மொண்டு வந்து, கிட்டே வராமல் நின்றான்.

கையுறையை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் ஆமென்றிருந்தால் அன்றே கடையைக் கட்டியிருப்போம். அண்ணன் முடிச்சைப் பார்த்தார். அம்மாவாசியைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்தார்.

அம்மாவாசி கிட்டே வந்து ஊற்றினான். பாதித் தண்ணீர் அவர் மீசையில் போயிற்று.

"ஏலே, நடுங்காம ஊத்து," என்றார் அண்ணன். "இன்னொரு சுத்து இருக்கு."