ஏழு மணிப் பாதை

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். பாதை என்றால் தட்டையான இரும்பு மிதவை. லொறி, சைக்கிள், ஆடு, ஆசிரியர், ஐஸ் பெட்டி எல்லாம் அதில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். அது வரும்வரை துறையடியில் நிற்பது சின்னராசாவின் வேலையில் பாதி. மீதிப் பாதிக்கு அவனிடம் ஒரு சான்றிதழும் ஒரு மஞ்சள் குடையும் இருந்தன. இரண்டும் அவன் வேலை செய்த தொண்டு நிறுவனம் கொடுத்தவை. மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். நாலாம் நாள் அவன் இளைஞர் பராமரிப்பு உத்தியோகத்தர். குடையில் 'ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியில்' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தது. மழைக்கு ஒழுகும், வெயிலுக்குப் பரவாயில்லை.

இத்தனை வருடம் கழித்தும் அந்தத் துறையடி அவன் மூக்கில் இருக்கிறது: டீசல், கண்டல் சேறு, தேத்தண்ணிக் கடையில் தட்டிப் போட்ட இஞ்சி. தொண்ணூற்றாறாம் ஆண்டு. இக்கரையில், பழைய நெல் களஞ்சியம் ஒன்றுக்குள், யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்த நாற்பது குடும்பங்கள் இருந்தன. அங்கிருந்து அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களில் ஒருத்தி அசனா, ஏழாம் வகுப்பு. சீருடையை எத்தனை தரம் தோய்த்தாலும் அவளில் சாக்கு மணம் போகாது.

பாதை ஓட்டும் அபூதாஹிரின் மகள் லைலாவும் அதே வகுப்புத்தான். வீடு அக்கரையில் இருந்தாலும் காலையில் வாப்பாவோடு ஒரு தரம் இக்கரை வந்து திரும்புவாள்; பாதை அவளுக்கு வீட்டு முற்றம் மாதிரி. அசனா ஏறுபலகையில் கால் வைக்கும்போதே கம்பியில் குந்தியிருந்து கத்துவாள்:

"நிவாரணம் வருது, வழி விடுங்க! இண்டைக்குப் பருப்பா, மாவா?"

மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். வகுப்பில் அசனாவின் வாங்குப் பலகையில் அவளைத் தவிர ஒருவரும் இருப்பதில்லை.

இதைக் கேள்விப்பட்ட அன்று சின்னராசாவுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம்தான். பயிற்சியில் சொன்ன மாதிரியே ஒரு பிரச்சினை! காலைக் கூட்டத்தில் அசனாவை மேடையேற்றிப் பக்கத்தில் நிறுத்தி இருபது நிமிடம் பேசினான். "இந்தப் பிள்ளையை இனி ஒருவரும் நிவாரணம் என்று கூப்பிடக்கூடாது" என்று முடித்தான். அதுவரைக்கும் அந்தப் பட்டம் ஏழாம் வகுப்புக்கு மட்டும் தெரிந்திருந்தது. இடைவேளைக்குள் பாலர் வகுப்பும் சொல்லப் பழகிவிட்டது.

மறுநாள் அசனா துறையடிக்கு வரவில்லை. அடுத்த மூன்று வாரமும் வரவில்லை.

பள்ளிக்கூட அதிபர் கலீலுர் றஹ்மான் வரவு இடாப்பைத் திறந்து அவன் முன்னால் வைத்தார்.

"கோவிக்காதீங்க தம்பி. பேச்சு நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா இருந்த பிள்ளையும் போயிட்டே."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ சேர்."

"கல்விக் கந்தோரால கடிதம் வந்திருக்கு. திங்கட்கிழமை ஏழரைக்குப் பேர் கூப்பிடுவன். பிள்ளை இல்லாட்டிப் பேரை வெட்டத்தான் வேணும். பிறகு சேர்க்கிறதெண்டா பிறப்புப் பத்திரம் கேப்பாங்க."

அசனாவின் பிறப்புப் பத்திரம், அவர்கள் விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டோடு எரிந்து போயிருந்தது.

சின்னராசா களஞ்சியத்துக்குப் போனான். அசனாவின் தாய் மைமூனா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"திருகோணமலையில ஒரு வீட்டு வேலைக்குக் கேட்டு வந்திருக்காங்க சேர். அங்க போனா மணக்குதெண்டு ஆரும் சொல்ல மாட்டாங்க. சவுக்காரம் குடுப்பாங்களாம்."

அசனா மூட்டைகளுக்குப் பின்னால் நின்றாள். அவன் குடையைக் கீழே வைத்தான்.

"பிழை என்ரதான் பிள்ளை. நான் என்ன செய்திருக்கோணும்?"

"மேடையில ஏத்தாம இருந்திருக்கோணும்."

"அதுக்குப் பிறகு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்டும் கதைக்க வேணாம் சேர். ஆராச்சும் ஒராள் பக்கத்தில வந்து நிண்டாப் போதும்."

மூன்று நாள் பயிற்சியில் இது இருக்கவில்லை. அல்லது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கண்ணயர்ந்த நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் காரணமில்லாமல் நாலு தரம் பாதையில் போய்வந்தான். லைலா கம்பியில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். புத்தி சொல்லாமல் வாயை அடக்குவது அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. நாலாவது தரம் கேட்டான்:

"சென்றியில ஆமிக்காரன் வாப்பாவை ஏசினால் நீங்கள் என்ன செய்வீங்கள்?"

லைலாவின் கால் நின்றது. "வாப்பாட பக்கத்தில போய் நிப்பன்."

"அசனாவுக்கும் அவ்வளவுதான் வேணும்."

"அவ மணப்பாளே சேர்!"

"ஓம். நீங்கள் டீசல் மணக்கிறீங்கள், நான் வியர்வை மணக்கிறன். ஆர் பாதையால இறங்கிறது?"

முதலில் சிரித்தது அபூதாஹிர். லைலா கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள்.

சின்னராசா சொல்லியிருந்தபடி திங்கட்கிழமை ஏழு மணிப் பாதைக்கு அசனா வந்தாள். தலைமுக்காட்டின் ஈரம் காயவில்லை. பலகையில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். லைலா கம்பியிலிருந்து குதித்து வந்தாள். பக்கத்தில் நின்றாள். பிறகு, தன் புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றி, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தாள். சின்னராசா தண்ணீரில் எதையோ தேடுகிறவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துறையடியில் இருந்த இராணுவக் காவலரணில், அந்தச் சென்றியில், விசில் ஊதியது. முந்தின நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. ஒரு சிங்களச் சிப்பாய் ஏறி அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிற வயதுதான் இருக்கும். அன்று பாதையில் இருந்த முஸ்லிம் பெயர்களுக்குள் ஒரேயொரு தமிழ்ப் பெயர் சின்னராசாவினுடையது.

"நீ எறங்கு."

மண்மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்தினான். "கை மேல." சின்னராசா கைகளை உயர்த்தினான், ஒரு கையில் குடை. அடையாள அட்டை சிப்பாயின் சட்டைப் பைக்குள் போனது.

பலகையில் செருப்புச் சத்தம் கேட்டது. அசனா இறங்கி வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏறுங்கோ பிள்ளை! இண்டைக்குப் பேர் கூப்பிடுவினம்!"

"நிக்கிறன் சேர்."

"என்ர குஞ்சல்லே, ஏறுங்கோ!"

அவள் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் லைலாவும் குதித்து வந்து மற்றப் பக்கத்தில் நின்றாள். அபூதாஹிர் மேலேயிருந்து கத்தினார்: "லைலா! ஏறுடி!" சிப்பாய் பாதையை எடுக்கச் சொல்லிக் கையை வீசினான். அபூதாஹிர் தயங்கினார். இரண்டாவது விசில் ஊதியது. பலகை மேலே போனது; சேற்றைக் கலக்கிக்கொண்டு பாதை கரையை விட்டது. அடுத்தது எட்டு மணிக்குத்தான்.

அவன் உத்தியோகத்தில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒரேயொன்று பலித்தது அன்றைக்குத்தான்.

கைகளைத் தூக்கியபடி அவன் நின்றான். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. சிப்பாய் வந்து குடையைப் பறித்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அவனுக்கும் வெயில்தானே, குடையை மடக்காமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டான். கொட்டை எழுத்துகளை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். அவனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

பிள்ளைகள் இருவரும் அந்த மஞ்சள் நிழலின் ஓரத்துக்கு நகர்ந்து ஒட்டி நின்றார்கள். அக்கரையில் பள்ளிக்கூட மணி அடித்தது.